காலி மனைக்கு ஒரு ஏ/பி டெஸ்ட்

எங்கள் மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் இருக்கும் பட்டன் பச்சையாக இருக்கலாமா, ஆரஞ்சாக இருக்கலாமா என்று சந்தேகம் வந்தால்கூட யார் அபிப்ராயத்தையும் நம்ப மாட்டோம். வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்போம். பாதிப் பேருக்குப் பச்சை, மீதிப் பேருக்கு ஆரஞ்சு. இரண்டு வாரம் கழித்து எதை அதிகம் பேர் அழுத்தினார்கள் என்று பார்ப்போம். இதுதான் ஏ/பி டெஸ்ட். மேனேஜர் என்ன நினைக்கிறார் என்பதற்கு அப்புறம் வேலையில்லை (இருந்தாலும் சொல்லுவார், அது வேற விஷயம்).

ஒரு பட்டனுக்கே இவ்வளவு. ஆனால் ஊருக்குள் கோடிக்கணக்கில் செலவு செய்து ஒரு பூங்கா திறப்பார்கள். நீரூற்று, யானை பொம்மை, கிரானைட் பெஞ்ச், ரிப்பன், போட்டோ. அதனால் அந்தத் தெருவில் வாழ்க்கை மாறியதா? யாரும் அளந்து பார்ப்பதில்லை. "மக்களிடம் நல்ல வரவேற்பு" என்று ஒரு வரி வரும். அதோட சரி.

பாழடைந்த நகர இடங்களை மக்கள் கூடும் பசுமை இடங்களாக மாற்றுவது பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணில் படுவதில் பெரும்பாலும் "முன்பு, பின்பு" படங்கள்தான். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் என்னை உண்மையில் நிறுத்தி வைத்தது நீரூற்றோ நடைமேடையோ இல்லாத ஒரு சாதாரண வேலை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் நடந்தது. காலி மனைகளை வைத்து அங்கே நிஜமாகவே ஒரு ஏ/பி டெஸ்ட் செய்திருக்கிறார்கள்.

முதலில் அந்த ஊருக்கு இத்தனை காலி மனை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1950இல் பிலடெல்பியாவின் மக்கள்தொகை சுமார் 20.7 லட்சம். 2000இல் சுமார் 15.2 லட்சம். அரை நூற்றாண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். துணி ஆலைகளும் பெரிய தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். அங்கே தொழிலாளர் வீடுகள் நம்ம ஊர் லைன் வீடுகள் மாதிரி, சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் போனால் கூரை ஒழுகும், பக்கத்து வீட்டுச் சுவர் ஈரம் பிடிக்கும், கடைசியில் இடிப்பார்கள். வரிசையான பற்களில் ஒன்று விழுந்த மாதிரி நடுவில் ஓர் இடைவெளி. இப்படி விழுந்த பற்கள் ஊர் முழுவதும் 40,000 வரை சேர்ந்துவிட்டன. உரிமையாளர் இறந்திருப்பார், வாரிசு எங்கே என்று தெரியாது, சொத்து வரி பாக்கி நிற்கும். ஆளுயரப் புதர், பழைய டயர், மெத்தை, ஊசிகள், சில இடங்களில் கைவிடப்பட்ட கார்கள்கூட.

இந்த மனைகளைக் கையில் எடுத்தது யார் தெரியுமா? பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம். 1827இல் ஆரம்பித்த சங்கம், 1829லிருந்து மலர்க் கண்காட்சி நடத்துகிறவர்கள். ரோஜாவுக்குப் பரிசு கொடுக்கும் ஆட்கள் குப்பை மனைக்கு வந்ததே ஒரு தனிக் கதை. நகர நிர்வாகத்தோடு சேர்ந்து அவர்கள் நடத்தும் திட்டத்துக்கு லேண்ட்கேர் என்று பெயர். மனையை விலைக்கு வாங்குவதில்லை. உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும், மனையிலும் ஒட்டுவார்கள். அவர் வந்து சுத்தம் செய்யாவிட்டால் இவர்கள் உள்ளே இறங்குவார்கள். பட்டா அவர் பெயரிலேயே இருக்கும்.

இறங்கி என்ன செய்கிறார்கள்? குப்பையை அள்ளுகிறார்கள். மண்ணைச் சமப்படுத்துகிறார்கள். புல் விதைக்கிறார்கள். மனைக்குச் சில மரக்கன்றுகள். சுற்றி ஒரு வேலி. பிறகு வெயில் காலம் முழுக்க மாதம் ஒருமுறையாவது வந்து புல் வெட்டிக் குப்பை எடுக்கிறார்கள். இந்தப் பராமரிப்பில் பெரும்பகுதி அந்தந்தப் பகுதி அமைப்புகளுக்கும் சிறு ஒப்பந்ததாரர்களுக்கும் போகிறது. அவ்வளவுதான் டிசைன். ஊஞ்சல் இல்லை, விளக்கு இல்லை, பெயர்ப்பலகைக்குக்கூடப் பெரிய செலவு இல்லை. ஒரு மனைக்கு ஆகும் செலவு சுமார் 1,600 டாலர், பராமரிப்பு வருஷத்துக்குச் சுமார் 180 டாலர் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஊர் விலைவாசிக்கு இது ஒன்றுமே இல்லை.

அந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மரக் கம்பம் நட்டு, குறுக்கே மரச்சட்டம் அடித்த தாழ்வான வேலி. அதிலும் இடைவெளி விட்டிருப்பார்கள். கதவு கிடையாது, பூட்டும் கிடையாது. குழந்தையும் நுழையலாம், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாத்தாவும் நுழையலாம். லாரி நுழைய முடியாது. கட்டட இடிபாட்டை ராத்திரியில் கொட்டிவிட்டு ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் அது தடை. மற்றவர்களுக்கு அது ஒரு செய்தி: இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, நீங்கள் உள்ளே வரலாம். இரண்டு செய்தியையும் ஒரே பொருளில் சொல்வது லேசான காரியம் இல்லை. நம்ம ஊரில் முதலாவதைச் சொல்ல ஏழடி கம்பி கேட் போடுவோம், இரண்டாவதைச் சொல்ல மறந்துவிடுவோம்.

சரி, இப்போது டெஸ்டுக்கு வருவோம்.

இந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, பசுமையாக்கிய மனைகளைச் சுற்றித் துப்பாக்கிச் சம்பவங்கள் குறைந்ததாக ஓர் ஆய்வு 2011இல் வந்தது. சார்லஸ் பிராணஸ் என்ற தொற்றுநோயியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் செய்தது. பத்து வருஷத் தரவு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது உங்களுக்கும் தெரியும். எந்தத் தெருவில் மனையைச் சுத்தம் செய்கிறார்கள்? பெரும்பாலும், ஏற்கெனவே நாலு பேர் சேர்ந்து மனு கொடுக்கும் தெருவில். அந்தத் தெரு இல்லாவிட்டாலும் மேலேறி வந்திருக்கும். அப்போது புல்லுக்கு என்ன பெருமை? ஜிம்முக்குப் போகிறவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதற்காக ஜிம்தான் காரணம் என்று சொல்ல முடியாதே. ஆரோக்கியமானவர்கள்தான் ஜிம்முக்குப் போகிறார்கள் என்றும் இருக்கலாம். எத்தனை புள்ளியியல் சரிக்கட்டல் செய்தாலும் இந்தச் சந்தேகம் முழுசாகப் போகாது.

இதைத் தீர்க்க ஒரே வழி குலுக்கல். குழு அதைத்தான் செய்தது. சீரழிந்த மனைகளாக, 5,500 சதுர அடிக்கு உட்பட்டவையாக (நம்ம கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே), 541 மனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அருகருகே இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து 110 கொத்துகள் ஆக்கினார்கள். ஏன் கொத்து? ஒரு மனையைச் சுத்தம் செய்தால் அதன் பலன் அடுத்த மனைப் பக்கமும் கசியும். இரண்டையும் வேறு வேறு குழுவில் போட்டால் கணக்குக் கெட்டுவிடும். சமூக வலைத்தளங்களில் டெஸ்ட் செய்யும்போது எங்களுக்கும் இதே தலைவலி உண்டு, நண்பர் வட்டத்தை மொத்தமாக ஒரே பக்கம் தள்ளுவோம்.

பிறகு 110 கொத்துகளையும் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மேலே சொன்ன முழு வைத்தியம்: சுத்தம், புல், மரம், வேலி, மாதாமாதப் பராமரிப்பு. இரண்டாவது குழுவுக்குக் குப்பை அள்ளுவதும் முடிந்த இடத்தில் புதர் வெட்டுவதும் மட்டும். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை, இருந்தது இருந்தபடி. வேலை நடந்தது 2013இல். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை வருஷம் வீதம் போலீஸ் பதிவுகளைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் பேட்டியும் எடுத்தார்கள். பேட்டி கொடுத்தவர்களிடம் இது நகர்ப்புற ஆரோக்கியம் பற்றிய ஆய்வு என்று மட்டும்தான் சொன்னார்கள். "பக்கத்து மனை எப்படி இருக்கு, மனசு நல்லா இருக்கா" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "ஆமாங்க" என்றுதானே சொல்வார்கள்.

முடிவுகள் 2018இல் இரண்டு கட்டுரைகளாக வந்தன.

முதல் கட்டுரை குற்றம் பற்றியது. சுத்தமோ பசுமையோ ஏதோ ஒரு வைத்தியம் செய்யப்பட்ட மனைகளுக்கு அருகில் வசித்தவர்களிடம், வீட்டை விட்டு வெளியே போவதில் இருந்த பயம் ஒப்பீட்டளவில் 57.8 சதவீதம் குறைந்தது. வெளியே உட்கார்ந்து ஓய்வெடுப்பதும் மற்றவர்களோடு பழகுவதும் 75.7 சதவீதம் கூடியது. இவை மக்கள் வாயால் சொன்னவை. போலீஸ் பதிவிலும் தெரிந்தது: வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29.1 சதவீதம், வீடு புகுந்து திருடுவது 21.9 சதவீதம் குறைந்தன. ஒட்டுமொத்தக் குற்றங்கள் 13.3 சதவீதம். வன்முறை பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறியதற்கான தடயத்தைத் தேடியும் கிடைக்கவில்லை.

புல்லுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? மந்திரம் ஒன்றும் இல்லை. சட்டவிரோதத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றினால் போலீஸ் சோதனையில் மாட்டிக்கொள்ளலாம். புதரிலோ கைவிடப்பட்ட காரிலோ ஒளித்து வைத்தால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய புல்லில் ஒளித்து வைக்க இடமில்லை. இன்னொன்று, மனையில் ஒரு பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அங்கே போதைப்பொருள் வியாபாரம் நடத்துவது சிரமம். இந்த இரண்டில் எது எவ்வளவு வேலை செய்தது என்று இந்த டெஸ்டால் பிரித்துச் சொல்ல முடியாது. என் ஊகம் பாட்டி பக்கம்தான்.

இரண்டாவது கட்டுரைதான் எனக்கு அதிகம் பிடித்தது. யூஜீனியா சவுத் என்ற அவசர சிகிச்சை மருத்துவரின் தலைமையில் மனநலம் பற்றி எழுதியது. துப்பாக்கிக் காயத்தோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கும் துறையிலிருந்து ஒருவர் மனையில் புல் வளர்ப்பதைப் பற்றி ஆராய்வது சும்மா இல்லை. பேட்டி கொடுத்த 442 பேரில் 342 பேரிடம் வேலை முடிந்த பிறகும் தகவல் கிடைத்தது. மனை பசுமையான இடங்களில், எதுவும் செய்யாத இடங்களோடு ஒப்பிட்டால், மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்தார்கள். தான் எதற்கும் உதவாதவர் என்ற உணர்வு 50.9 சதவீதம் குறைந்தது.

இப்போது முக்கியமான இடம். குப்பையை மட்டும் அள்ளிய இரண்டாவது குழு? மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

இதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தூய்மைப் பணி நடந்தது" என்று செய்தி வரும், இருபது பேர் துடைப்பத்தோடு நிற்கும் படம் வரும். அந்த டெஸ்டில் சும்மா ஒருநாள் கூத்துகூட இல்லை, மாதாமாதம் ஒழுங்காகச் சுத்தம் செய்தார்கள். அப்படியும் மனசுக்குள் எதுவும் நகரவில்லை. குப்பை இல்லாத வெற்று மண் என்பது இன்னும் கைவிடப்பட்ட இடம்தான் போல. புல்லும் இரண்டு மரமும் ஒரு வேலியும் வந்த பிறகுதான் அது யாரோ ஒருவர் நமக்காகச் செய்த இடமாகிறது. இது என் வாசிப்பு, கட்டுரை இவ்வளவு தூரம் போகவில்லை.

சந்தேகங்களையும் சொல்லிவிட வேண்டும். எண்ணைக் காட்டி மயக்குவது எனக்குப் பிடிக்காது. ஒட்டுமொத்த மனநலத்துக்கான அளவுகோலிலும் பெரிய வீழ்ச்சி தெரிந்தது, 62.8 சதவீதம். ஆனால் அதன் பி மதிப்பு 0.051. வழக்கமான 0.05 கோட்டை மயிரிழையில் தவறவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் உண்மை, அந்தப் பக்கம் பொய் என்பது அபத்தம்தான், இருந்தாலும் அந்த எண்ணைத் தலைப்பில் போட்டிருந்தால் நான் திட்டியிருப்பேன். அப்புறம், ஒன்றரை வருஷம் என்பது ஒரு தெருவின் ஆயுளில் ரொம்பக் கம்மி. துப்பாக்கி பற்றிய அந்தப் பெரிய எண் ஏழைப் பகுதிகளுக்கானது, ஊர் முழுவதுக்கும் அல்ல. இந்த இரண்டையும் மறந்துவிட்டுத்தான் பலர் "பூங்கா வைத்தால் குற்றம் 29 சதவீதம் குறையும்" என்று மேடையில் சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி நிலம் யாருடையது என்பது. மனை பசுமையானால் சுற்றியுள்ள வீடுகளின் மதிப்பு ஏறுகிறது, அதற்கும் ஆய்வுகள் உண்டு. மதிப்பு ஏறினால் காணாமல் போன உரிமையாளர் திடீரென்று தோன்றுவார். பட்டா அவர் பெயரில்தானே இருக்கிறது? தெருவே நாற்காலி போட்டு, பிறந்தநாள் கொண்டாடிய இடத்தில் கட்டுமானம் ஆரம்பிக்கும். நியூயார்க்கில் இதன் கடுமையான வடிவத்தைப் பார்த்துவிட்டார்கள். 1970களில் நகரம் திவாலாகும் நிலையில் இருந்தபோது மக்களே தரிசு மனைகளில் தோட்டம் போட்டார்கள். 1999இல் நகர நிர்வாகம் அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பியது. பெரிய போராட்டம் நடந்தது. கடைசி நேரத்தில் இரண்டு அறக்கட்டளைகள் பணம் கொடுத்து வாங்கித்தான் அவை பிழைத்தன. லேண்ட்கேர் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. மனை கைமாறும் வரைக்கும் தெரு பாழாக இருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது. அரைகுறைத் தீர்வுதான். ஆனால் அந்த "வரைக்கும்" பல இடங்களில் பத்து, பதினைந்து வருஷம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை வளர்ந்து ஆளாகும் காலம்.

நம்ம ஊருக்கு இது அப்படியே பொருந்தாது. சென்னை சுருங்கும் நகரம் இல்லை, வீங்கும் நகரம். இங்கே காலி மனையின் உரிமையாளர் காணாமல் போகவில்லை, விலை ஏறக் காத்திருக்கிறார். துப்பாக்கிக்குப் பதில் கொசு, பாம்பு, கட்டட இடிபாடு, காலி பாட்டில். தனியார் மனைக்குள் இறங்கிப் புல் விதைத்தால் அடுத்த நாளே வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஆனால் நம்மிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள நிலத்தை மனைப்பிரிவாகவோ அடுக்ககமாகவோ மாற்றினால், சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று சொல்வார்களே, அதுதான். 3,000 சதுர மீட்டருக்குக் கீழே கிடையாது, இடைப்பட்ட அளவில் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. தானமாக எழுதிக் கொடுத்த நிலத்தில் பட்டா பிரச்சினை இல்லை, உரிமையாளர் திரும்பி வர மாட்டார். பிலடெல்பியாக்காரர்கள் ஏங்கும் நிலைமை இது. உங்கள் பகுதியிலும் ஒன்று இருக்கும், லேஅவுட் வரைபடத்தில் "பூங்கா" என்று பச்சைக் கட்டம் இருக்கும், நேரில் போனால் கருவேலமும் பழைய தண்ணீர் டேங்கும் இருக்கும். இல்லாவிட்டால் பூங்காவே இருக்கும், பூட்டோடு.

எங்கள் பகுதியில் இருப்பது பூட்டு வகை. காலையில் வாக்கிங் போகிறவர்களுக்குத் திறப்பார்கள், ஒன்பது மணிக்குச் சாத்துவார்கள், மறுபடி சாயங்காலம் நாலு மணி. இடையில் ஏழு மணி நேரம், அதுவும் வெயில் உச்சத்தில் இருக்கும்போது, உள்ளே மூன்று பெரிய வேப்பமரம் யாருக்கும் இல்லாமல் நிழல் தந்துகொண்டிருக்கும். போன மாதம் குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"மத்தியானமும் திறந்து வைக்கலாமே சார்?"

"திறந்து விட்டா கண்டவனும் வந்து படுப்பான் தம்பி. அப்புறம் லேடீஸ் யாரும் வர மாட்டாங்க."

அவர் சொல்வது அர்த்தமில்லாத பயம் இல்லை. சில பூங்காக்களில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அது ஓர் ஊகம், ஊகத்தைச் சோதிக்கலாம். இரண்டு பூங்காவை மதியமும் திறந்து வைத்து, இரண்டைப் பூட்டி வைத்து, ஆறு மாதம் யார் வருகிறார்கள், எத்தனை பெண்கள், எத்தனை புகார் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். நாலு பூங்கா என்பது புள்ளியியலுக்குப் பத்தாதுதான், ஆனால் சும்மா சண்டை போடுவதற்கு இது எவ்வளவோ மேல். இதைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றார். மறுக்கவில்லை, அது வரைக்கும் லாபம்.

நேற்று மதியம் அந்தப் பக்கம் போனேன். உணவு டெலிவரி செய்யும் பையன்கள் நாலு பேர், பூங்கா மதிலின் ஒரு முழ நிழலில் பைக்கை ஒட்டி நிறுத்திவிட்டு, மதிலில் முதுகு சாய்த்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். வேப்பமரம் மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில்.